மதிலுக்குள் பந்தாட்டம்

வேலூரில் பெண்களுக்குப் பாஸ்கெட்பால் சொல்லிக்கொடுத்தவள் நான். இதை நானே எழுதிக்கொள்ள வேண்டியிருக்கிறது. வேறு யாரும் எங்கும் எழுதவில்லை.

நான் ஆம்பூர்க்காரி. அப்பா அங்கே ஒரு சாயபுவின் தோல் பதனிடும் ஷாப்பில் மேஸ்திரி. தாத்தா காலத்தில் நாங்கள் வேதத்துக்கு வந்தோம். அதற்கு முன் ஊருக்கு வெளியே இருந்தோம். வந்த பிறகும் ஊருக்கு வெளியேதான் இருந்தோம். சுண்ணாம்பும் ஆவாரம்பட்டையும் ஊறிய தொட்டிகளின் வாடை எங்கள் துணியில், தலைமுடியில், சாப்பிடும் சோற்றில்கூட இருந்தது. வேலூர் மிஷன் போர்டிங்கில் என்னைச் சேர்த்த அன்றைக்கே பக்கத்துப் பாய்க்காரி தன் பாயைச் சுருட்டிக்கொண்டு வேறு மூலைக்குப் போய்விட்டாள். அவளும் கிறிஸ்தவள்தான்.

வாடை போதாதென்று உயரம் வேறு. வகுப்பில் எல்லோரையும்விட ஒரு தலை அதிகம். கொக்கு என்றுதான் கூப்பிடுவார்கள். ஜெபத்துக்கு நிற்கும்போது முழங்காலைச் சற்று மடக்கிக்கொண்டு நிற்பேன். முதல் உலகச் சண்டை முடிந்த சமயத்தில் அமெரிக்காவிலிருந்து ஒரு மிஸ்ஸியம்மா வந்தார். சின்ன வயசு, சிவந்த முகம், புத்தகத் தமிழ். அவர் பெட்டியில் ஒரு தோல் பந்து இருந்தது. போர்டிங் பின்புறத்தில் முள்ளை வெட்டி, மண்ணைக் கெட்டிப்படுத்தி, இரண்டு பனங்கம்பங்கள் நட்டு, அடியை அறுத்த மூங்கில் கூடைகளை உச்சியில் கட்டச் சொன்னார். பிறகு எங்களை வரிசையாக நிற்க வைத்துப் பார்த்தார். என்னிடம் வந்து நின்றார்.

"நீ உயரமானவள். முழங்காலை நேராக வைத்துக்கொள். இந்த விளையாட்டு உனக்காகவே செய்யப்பட்டது" என்றார்.

என் உடம்பைப் பற்றி அதுவரை யாரும் ஒரு நல்ல வார்த்தை சொன்னதில்லை. அந்த ஒரு வாக்கியத்துக்காக அவருக்கு நான் எத்தனையோ வருஷம் உழைத்தேன்.

பெண்களின் ஆட்டத்துக்கு அப்போது வேறு சட்டம். களத்தைக் கோடு போட்டு மூன்றாகப் பிரிப்பார்கள். அவரவர் பாகத்தை விட்டுத் தாண்டக் கூடாது. பந்தோடு ஓடக் கூடாது. எதிராளி கையிலிருந்து பறிக்கக் கூடாது. அதிகம் ஓடினால் பெண்களின் நெஞ்சு பலவீனமாகும் என்று அவர் ஊர் டாக்டர்கள் சொன்னார்களாம். பட்டை மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு பாலாற்று மணலில் என் அம்மா நடந்ததை அந்த டாக்டர்கள் யாரும் பார்த்ததில்லை.

நான் படித்து முடித்து ஆசிரியைப் பயிற்சியும் பெற்றேன். மிஷன் அந்தச் சமயத்தில் போர்டிங் வளாகத்திலேயே பெண்களுக்காக ஓர் ஆசிரியைப் பயிற்சிக் கல்லூரி ஆரம்பித்தது. மிஸ்ஸியம்மாதான் பிரின்சிபால். என்னை டிரில் டீச்சராக வைத்துக்கொண்டார். காலையில் டிரில், சாயங்காலம் பந்து. மழை நாட்களில் ஹாஸ்டலில் அரிசி புடைக்கும் பெண்களை மேற்பார்வை பார்ப்பதும் என் வேலைதான். நடுவில் ராணிப்பேட்டையிலிருந்து ஒரு மாப்பிள்ளை வீட்டார் பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளையின் அத்தை என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "பந்து ஆடுவியாமே? குதிப்பியாமே?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். காப்பி ஆறுவதற்குள் கிளம்பிப் போய்விட்டார்கள். பிறகு யாரும் வரவில்லை. எனக்கும் அப்போது அது பெரிய நஷ்டமாகத் தெரியவில்லை. எனக்கு டீம் இருந்தது.

டீம் என்று சொல்லிக்கொள்ள முதலில் ஒன்றுமில்லை. சேலையை முழங்காலுக்குக் கீழே இழுத்துச் செருகிக்கொண்டு வெறுங்காலோடு ஓடும் பெண்கள். பந்து வந்தால் கண்ணை மூடிக்கொள்வார்கள். கூடை போட்டால் வெட்கப்பட்டு முகத்தைப் பொத்திக்கொள்வார்கள். மூங்கில் கூடைகள் போய், வண்டிப் பட்டறையில் அடித்த இரும்பு வளையங்கள் வந்தன. மெல்ல மெல்லக் கை பழகியது.

ஒரு ஐப்பசி மழையில் அமெரிக்கப் பந்தின் தையல் இற்றுப் பிரிந்தது. வேறு பந்து வர மாதக்கணக்காகும். நான் ஊருக்குப் போனபோது கிழிந்த உறையை அப்பாவிடம் காட்டினேன். அவர் சாயபுவிடம் கேட்டு நல்ல தோலாக ஒரு துண்டு வாங்கி, செருப்புத் தைக்கிறவரை வைத்து அதே அளவுக்குப் புது உறை தைத்துக் கொடுத்தார். உள்ளே பழைய ரப்பர்தான். கொஞ்சம் கனம். கொஞ்சம் கோணலாகவும் எழும்பும். ஆனால் பந்து பந்துதான். திங்கட்கிழமை சாயங்காலம் சந்தோஷமாக அதைக் களத்துக்குக் கொண்டுபோனேன்.

"எங்க தச்சது டீச்சர்?" என்று ஒரு பெண் கேட்டாள்.

"ஆம்பூர்ல. எங்க அப்பா தச்சு வாங்கிக் குடுத்தாரு."

யாரும் கை நீட்டவில்லை. அமெரிக்காவிலிருந்து வந்ததும் மாட்டுத் தோல்தான்; அதை இரண்டு வருஷமாக மார்போடு அணைத்துப் பிடித்து ஆடியவர்கள் அவர்கள். கப்பலில் வந்த மாடு வேறு, பாலாற்றங்கரை மாடு வேறு போலிருக்கிறது. ஒருத்தி தலைவலி என்றாள். ஒருத்தி பாடம் எழுத வேண்டும் என்றாள். பந்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நான் நடுக்களத்தில் நின்றேன். போர்டிங்கில் பாயைச் சுருட்டிக்கொண்டு போனவளின் முதுகு எனக்கு மறுபடி தெரிந்தது.

அப்போதுதான் ஓரத்தில் நின்றிருந்த ஒரு பெண் முன்னால் வந்தாள். அந்த வருஷம் சேர்ந்தவள். குடியாத்தத்தில் தறி போட்டிருந்த ஒரு குடும்பத்துப் பெண். அறியாத வயதில் கல்யாணமாகி, அறியாத வயதிலேயே புருஷனை இழந்தவள். வீட்டில் எத்தனை நாள் வைத்துச் சோறு போடுவது, படித்து வாத்தியாரம்மாவாகட்டும் என்று அண்ணன் கொண்டுவந்து விட்டிருந்தான். எப்போதும் வெள்ளைச் சேலை. நெற்றியிலும் ஒன்றுமில்லை, கையிலும் ஒன்றுமில்லை. அதுவரை அவள் ஆட வந்ததே இல்லை, வேடிக்கை பார்ப்பாள்.

"குடுங்க டீச்சர்" என்றாள்.

நான் தயங்கினேன். "ஒனக்குப் பரவால்லயா?"

"காலைல என் மூஞ்சியில முழிச்சா மத்தவங்க மறுபடி போய்ப் படுத்துக்கறாங்க. எனக்கு இன்னா தீட்டு? இந்தப் பந்துக்குத் தான் என்னால எதனா ஆவணும்."

சொல்லிவிட்டுச் சிரித்தாள். பந்தை வாங்கி வளையத்தைப் பார்த்து வீசினாள். வளையத்துக்குப் பக்கத்தில்கூடப் போகவில்லை. ஓடிப்போய் எடுத்து வந்து மறுபடி வீசினாள். இருட்டும் வரைக்கும் நாங்கள் இரண்டு பேர் மட்டும் ஆடினோம். மறுநாள் இன்னொருத்தி வந்தாள். அந்த வாரக் கடைசியில் எல்லோரும் வந்துவிட்டார்கள். ஆடி முடித்ததும் தனியாகப் போய்க் கை கழுவிக்கொண்டவர்கள் உண்டு. நான் பார்க்காதவள்போல் இருந்துவிடுவேன். ஒரு டீச்சர் எத்தனையோ பார்க்காமல் இருக்க வேண்டும்.

அந்தப் பெண்ணைப் பற்றி என்ன சொல்வது? என் வாழ்நாளில் நூற்றுக்கணக்கான பெண்களுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். அவளைப் போல் ஒருத்தியை மறுபடி பார்த்ததில்லை. என்னைப் போல் உயரம்கூட இல்லை. ஆனால் பந்து எங்கே வரப்போகிறது என்று அவளுக்கு முன்னாலேயே தெரியும். குதித்தால் கீழே வர மறந்தவள்போல் ஒரு நொடி நிற்பாள். நடையில், பேச்சில், சாப்பாட்டு வரிசையில் எல்லாம் ஒதுங்கி ஒதுங்கிப் போகிறவள், கோட்டுக்குள் வந்துவிட்டால் எல்லோரையும் அதட்டுவாள். "ஏ, இன்னா தூங்கறியா? இங்க தா பந்த!" என்று அவள் கத்துவது ஹாஸ்டல் வரைக்கும் கேட்கும். அந்தக் குரலைக் கேட்கவே நான் ஆட்டத்தை நீட்டுவேன்.

அடுத்த வருஷம் பட்டணத்தில் ஒரு பெண்கள் கல்லூரி எங்களை ஆட்டத்துக்கு அழைத்தது. மிஸ்ஸியம்மாவுக்கு ஒரே சந்தோஷம். டிக்கெட் எடுக்கச் சொன்னவர் அவர். யார் யார் போகிறார்கள் என்று ஒவ்வொருத்தியாகக் கூப்பிட்டுப் பார்த்தவர் அவர். வெள்ளைச் சேலைப் பெண்ணை அழைத்துப் போகலாமா, வீட்டில் ஒருமுறை கேட்டுவிடலாமா என்று நான் கேட்டபோது, "கேட்டால் வேண்டாம் என்பார்கள். மதிலுக்குள் நடக்கும் விளையாட்டு. ஆண்கள் வரமாட்டார்கள். அவள் இல்லாமல் நீ ஜெயிப்பாயா?" என்றார். ஜெயிக்க மாட்டேன் என்றேன். காட்பாடி ஸ்டேஷனுக்கு வந்து, பிளாட்பாரத்திலேயே எங்களுக்காக ஜெபம் செய்து வழியனுப்பினார்.

பட்டணத்துப் பெண்கள் ஒரே மாதிரி நீலப் பார்டர் சேலையும் கால்களில் கேன்வாஸ் ஷூவும் போட்டிருந்தார்கள். எங்கள் காலைப் பார்த்து அவர்கள் தங்களுக்குள் இங்கிலீஷில் ஏதோ சொல்லிச் சிரித்தார்கள். ஆட்டம் தொடங்கியதும் சிரிப்பு போய்விட்டது. எங்கள் பெண் நடுப்பாகத்தில் நின்றாள். அவள் கைக்கு வராமல் எந்தப் பந்தும் அந்தக் களத்தைக் கடக்கவில்லை. கடைசி வரை இழுபறிதான். முடிவில் ஒரே ஒரு கூடை வித்தியாசத்தில் ஜெயித்தோம். பெண்கள் என்னைச் சுற்றி வந்து கட்டிக்கொண்டார்கள். என் தோளில் முகத்தை வைத்து அழுதவர்களில் தனியாகப் போய்க் கை கழுவிக்கொண்டவளும் இருந்தாள். ஒரு சின்ன வெள்ளிக் கோப்பை கொடுத்தார்கள். ரயிலில் திரும்பும்போது வெள்ளைச் சேலைப் பெண் அதை மடியில் வைத்துக்கொண்டு அரக்கோணம் வரை பேசிக்கொண்டே வந்தாள். "டீச்சர், நான் பாஸ் பண்ணி எந்த ஊர் ஸ்கூலுக்குப் போனாலும் ரெண்டு கம்பம் நட்டுடுவேன்" என்றாள்.

அந்தப் பட்டணத்துக் கல்லூரியின் மதில் உயரம்தான். ஆனால் மதிலுக்கு அப்பால் ஒரு வீட்டு மாடி இருந்தது. அதில் ஆண்கள் சிலர் நின்று பார்த்ததை நானும் கவனித்தேன். ஆட்ட மும்முரத்தில் மறந்தும் போனேன். அவர்களில் ஒருவன் குடியாத்தத்திலிருந்து கைலி மூட்டையோடு பட்டணம் போயிருந்த வியாபாரி. வேலூர்ப் பெண்கள் என்று யாரோ சொல்ல, இன்னும் உற்றுப் பார்த்திருக்கிறான். வண்ணச் சேலைகளுக்கு நடுவில் ஒரே ஒரு வெள்ளை. அடையாளம் கண்டுபிடிக்க எவ்வளவு நேரமாகும்?

பத்துப் பதினைந்து நாளில் அண்ணன்காரன் வந்தான். கூடப் பெரியவர்கள் இரண்டு பேர். பிரின்சிபால் அறைக்கு என்னையும் கூப்பிட்டார்கள். அந்தப் பெண் கதவோரம் தலை குனிந்து நின்றாள்.

"படிச்சு வாத்திச்சியா வரட்டும்னு தாம்மா அனுப்பிச்சோம். பட்டணத்துல ஆம்பளைங்க பாக்கறாப்பல குதிக்கறதுக்கா அனுப்பிச்சோம்? தாலி அறுத்த பொண்ணும்மா. ஊர்ல தலை நிமிர்ந்து நடக்க முடியல" என்றான் அவன். அவனும் நாலு பேரிடம் பேச்சு வாங்கிக்கொண்டுதான் வந்திருந்தான்.

மிஸ்ஸியம்மா கைகளைக் கோத்து மேஜைமேல் வைத்திருந்தார். என் பக்கம் பார்க்காமல் சொன்னார்: "இது என் சம்மதம் இல்லாமல் நடந்துவிட்டது. டிரில் டீச்சர் உற்சாகத்தினால் தவறு செய்துவிட்டாள். இனி நடக்காது."

"அம்மா, நீங்கதானே..." என்று ஆரம்பித்தேன். அவர் ஒரு கையை லேசாகத் தூக்கினார். போர்டிங்கில் சேர்ந்த நாளிலிருந்து அந்தக் கை தூக்கினால் வாய் மூடப் பழகியவள் நான். என் வாய் தானாக மூடிக்கொண்டது.

இனி நடக்காது என்றதில் அவர்களுக்குத் திருப்தி இல்லை. பெண்ணை அழைத்துப் போகிறோம் என்றார்கள். மிஸ்ஸியம்மா மேலும் இரண்டு வார்த்தை சொல்லிப் பார்த்தார். பிறகு விட்டுவிட்டார். அப்போதுதான் இந்து வீடுகளிலிருந்து பெண்கள் வரத் தொடங்கியிருந்தார்கள். ஒருத்திக்காகச் சண்டை போட்டு மற்றவர்களை இழக்க அவர் தயாராயில்லை.

பெட்டி கட்டிக்கொண்டிருந்தவளிடம் போனேன். அழவில்லை அவள். "டீச்சர், பரீட்சைக்கு மூணு மாசம் தான் கீது. அதுவரைக்கும் பந்தத் தொட மாட்டேன்னு சொல்லிப் பாருங்க. எங்க அண்ணன் மோசமானவன் இல்ல, கேப்பான்" என்றாள்.

வாசலில் ஜட்கா நின்றிருந்தது. அண்ணனிடம் போய் அப்படியே சொன்னேன். அவன் என்னிடமிருந்து இரண்டடி தள்ளி நின்றுகொண்டான்.

"ஒன்கிட்ட எனக்கு இன்னா பேச்சு? நீ யாரு, எந்த எடத்துப் பொண்ணுன்னு கேட்டுக்கினு தான் வந்தேன். மாட்டுத் தோலத் தைச்சு எங்க வூட்டுப் பொண்ணு கையில குடுத்தியாமே? அது மட்டும் ஊருக்குத் தெரிஞ்சா அவள வூட்டுக்குள்ளயே சேத்துக்க முடியாது."

ஜட்கா போனது. அவள் உள்ளே உட்கார்ந்திருந்தாள். வெள்ளைச் சேலையின் நுனி மட்டும் தெரிந்தது.

அன்று சாயங்காலம் மிஸ்ஸியம்மா என்னைத் தன் பங்களாவுக்கு அழைத்தார். தேநீர் கொடுத்தார். "எல்லோருடைய நன்மைக்காகவும் நீ இதைச் சுமக்க வேண்டும். கர்த்தர் உன்னைப் பலப்படுத்துவார்" என்றார். என்னை உட்காரச் சொல்லித் தேநீர் கொடுத்தது அதுதான் முதல் தடவை. குடித்தேன். இன்றைக்கு நினைத்தாலும் நாக்கு கசக்கிறது.

அதோடு தீர்ந்துவிட்டது என்று நினைத்தேன். ஆனால் என்மேல் சொன்ன பொய் ஆபீசில் உண்மையாகிவிட்டது. டிரில் டீச்சருக்குப் பொறுப்பு போதாது என்று கமிட்டியில் பேசினார்களாம். அடுத்த வருஷம் பட்டணத்தில் உடற்பயிற்சிப் படிப்பு முடித்த ஒரு பெண் மேலாளாக வந்தாள். தெற்கத்திப் பக்கம் நல்ல குடும்பத்துக் கிறிஸ்தவள். அவளுடைய தாத்தாவே போதகராம். என்னைவிட இரண்டு மூன்று வயது இளையவள். கெட்டவள் என்று சொல்ல மாட்டேன். "அக்கா, அக்கா" என்றுதான் கூப்பிடுவாள். எந்தப் பெண் எந்த இடத்துக்குச் சரிப்படுவாள், எவளுக்கு மாதத்தில் எப்போது ஓய்வு கொடுக்க வேண்டும், எந்த மூலையில் தண்ணீர் தேங்கும் என்று எல்லாம் கேட்டுத் தெரிந்துகொள்வாள். நானும் சொல்வேன். பிறகு அவள் விசில் ஊதுவாள். நான் வெளியே போன பந்தைப் பொறுக்கிப் போடுவேன். ஆம்பூர்ப் பந்தை அவள் முதல் வாரத்திலேயே ஸ்டோர் அறைக்கு அனுப்பிவிட்டாள். புதுப் பந்து பட்டணத்திலிருந்து வந்தது.

கோப்பை பிரின்சிபால் அறையில் கண்ணாடி அலமாரியில் இருந்தது. வருகிறவர்களுக்கெல்லாம் காட்டுவார்கள். என் கைக்கு அது வந்தது, கிறிஸ்துமஸுக்கு முன்னால் சாமான்களைத் துலக்கும்போதுதான்.

இப்படியே சில வருஷம் ஓடியது. ஏன் விட்டுவிட்டுப் போகவில்லை என்று கேட்பார்கள். போய் என்ன செய்வது? அப்பா இறந்துவிட்டார். எனக்குத் தெரிந்தது இது ஒன்றுதான். அதோடு, சாயங்காலம் ஏதாவது ஒரு பெண் முதல் தடவை கூடை போட்டுவிட்டு நம்ப முடியாமல் தன் கையையே பார்ப்பாள் பாருங்கள், அதை விட்டுப் போக மனசு வராது. அதுதான் என்னைப் பிடித்து வைத்தது. அதை வைத்துத்தான் என்னை ஏமாற்றவும் முடிந்தது.

அமெரிக்காவில் பாங்குகள் எல்லாம் படுத்துவிட்டன, மிஷனுக்குப் பணம் வரத்து கம்மியாகிவிட்டது என்றார்கள். ஆட்களைக் குறைக்க வேண்டும். மிஸ்ஸியம்மா என்னைக் கூப்பிட்டு, "உனக்கு ஆம்பூரில் வீடு இருக்கிறதல்லவா?" என்றார். அந்தக் கேள்வியிலேயே எல்லாம் முடிந்துவிட்டது. ஆம்பூரில் மிஷன் நடத்தும் சின்னப் பள்ளியில் மூன்றாம் வகுப்பு எடுக்கச் சொன்னார்கள். வழியனுப்பு ஜெபத்தில் என்னைக் கீழ்ப்படிதலுள்ள ஊழியக்காரி என்று சொன்னார்கள். ஆட்டத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

இரண்டு வருஷம் கழித்துக் கல்லூரி விழாவுக்கு அழைப்பு வந்தது. மிஸ்ஸியம்மா தன் ஊருக்கே திரும்பப் போகிறார், பழையவர்கள் எல்லோரும் வர வேண்டும் என்று. போனேன். கடைசிக்கு முந்தின வரிசையில் இடம் கிடைத்தது. மேடையில், எனக்கு மேலாளாக வந்த புதியவள் மிஸ்ஸியம்மாவுக்கு மாலை போட்டாள். மிஸ்ஸியம்மா அவள் தோளில் கை வைத்து, "இந்தக் கல்லூரிக்குப் பந்தாட்டத்தில் பெயர் வாங்கித் தந்தவள் இவளே" என்றார். எல்லோரும் கைதட்டினார்கள். புதியவள் கண்கள் கூட்டத்தில் என்னைத் தேடின. கண்டதும் வேறு பக்கம் திரும்பின. பக்கத்தில் இருந்த பெண் என்னைப் பார்த்து, "நீங்க யாரோட அம்மாங்க?" என்று கேட்டாள். யாருக்கும் இல்லை என்றேன். சாப்பாட்டுக்கு நிற்காமல் கிளம்பிவிட்டேன்.

காட்பாடியில் ரயில் ஏறினேன். பெண்கள் பெட்டியில் எதிரில் நூல் மூட்டையோடு ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். வெள்ளைச் சேலை. முன்பல் ஒன்று விழுந்திருந்தது. அவள்தான் முதலில் அடையாளம் கண்டாள்.

"டீச்சர்!"

எழுந்துபோய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். விரல் நுனிகள் நூல் இழுத்து இழுத்துக் காய்த்திருந்தன. என்னென்னவோ விசாரித்தேன். அண்ணன் வீட்டில்தான் இருக்கிறாளாம். பரீட்சை எழுதவேயில்லை. விரிஞ்சிபுரம் தாண்டும் வரைக்கும் கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னாள்.

பிறகு தானாகவே சொன்னாள். "இன்னும் கனவுல ஆடறேன் டீச்சர். அப்பப்ப வருது. ஓடறேன், குதிக்கறேன், கத்தறேன். எழுந்து பாத்தா தறி மேடை. நாள் பூரா தறிக்கு நூல் சுத்திக் குடுக்கறேன்."

"நீ நல்லா ஆடினேம்மா. ஒன்ன மாதிரி யாரும் ஆடல" என்றேன்.

அவள் கையை மெதுவாக உருவிக்கொண்டாள். கோபம் இல்லை அந்த முகத்தில். கோபமாவது இருந்திருக்கலாம்.

"எதுக்கு டீச்சர் கத்துக் குடுத்தீங்க?" என்றாள். "மூலையில குந்திக்கினு இருந்தவ நானு. அப்படியே இருந்திருந்தா இது இன்னான்னே தெரிஞ்சிருக்காது. தெரிஞ்சதால தான இவ்ளோ பேஜாரு."

கற்றுக்கொடுத்தது சரிதான் என்று ஒரு நாள் தோன்றும். அவள் விரல்கள் ஞாபகத்துக்கு வந்தால் அதுவும் போய்விடும்.

குடியாத்தம் வந்தது. மூட்டையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு இறங்கினாள். கூட்டத்தில் யார்மேலும் படாமல் ஒதுங்கி ஒதுங்கிப் போனாள். வர்றேன் என்றுகூடச் சொல்லவில்லை. ரயில் நகர்ந்தது. மறுநாள் மூன்றாம் வகுப்புக்குக் கணக்குப் பாடம் இருந்தது. போய் நடத்தினேன்.